சிங்கப்பூர்ப் பச்சைப் புல்லும் சிராங்கூன் சுண்ணாம்பும்



போன பதிவுல நம்ம வட்டாரத் தெருப் பெயர்களைப் பத்தி எழுதியிருந்தேன். "அண்ணே, அடுத்தது என்ன?"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. இந்த முறை புல்லைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. கோயில் வாசல்ல, ரோட்டு ஓரத்துல, வீவக புளோக்குக்குக் கீழ தினமும் நாம தாண்டிப் போற அந்தப் புல்லுதான். கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஒண்ணு போட்டு வச்சுக்கிட்டு நிதானமாப் படிங்க.

சிங்கப்பூர்ல எங்க திரும்பினாலும் பச்சை. மழை பெய்யிற நாடு, எல்லாம் தானா முளைக்குதுன்னு பல பேர் நினைக்கிறாங்க. இந்த மண்ணுல காடு தானா வளரும். லாலான் தானா வளரும். காலுக்கு மெத்துமெத்துன்னு இருக்கிற புல்தரை மட்டும் தானா வராதுங்க. ஒவ்வொரு தலைமுறையிலயும் யாரோ குனிஞ்சு வேலை செஞ்சுதான் அது வந்திருக்கு. அப்படிக் குனிஞ்சவங்கள்ல நம்ம ஆளுங்க நிறைய பேர். அந்தக் கதையைத் தெரிஞ்சுக்கணும். கடைசியில உங்ககிட்ட ஒரு வேண்டுகோளும் இருக்கு.

முதல்ல மண்ணைப் பாப்போம்

தீவுக்கு நடுவுல புக்கிட் தீமா பக்கம் அடியில கருங்கல் பாறை. அது காலங்காலமா மழையிலயும் வெயில்லயும் மக்கி, சிவப்பும் மஞ்சளுமான களிமண்ணா மாறியிருக்கு. ரோச்சோர், காலாங் ஆத்துப் பக்கம் வந்தா கடல் களிமண். சாம்பல் நிறத்துல கொழகொழன்னு இருக்கும். நம்ம சிராங்கூன் சாலையோட தாழ்வான பகுதியெல்லாம் ஒரு காலத்துல சதுப்பு நிலமா இருந்த இடம்.

சென்னையில வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுல மழை பெய்யும், அதுவும் சில மாசம்தான். இங்க 2,000 மில்லிமீட்டருக்கு மேல, வருஷம் பூரா பெய்யுது. அடிக்கிற ஒவ்வொரு மழையும் மண்ணுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் எல்லாத்தையும் கழுவிக்கிட்டுப் போயிடும். மிச்சம் இருக்கிறது புளிச்ச மண். அமிலம்னு சொல்வாங்களே, அது. அந்தப் புளிப்புல மண்ணுல இருக்கிற அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியைக் கெடுக்கும். நாம உரம் போட்டாலும் அதுல உள்ள பாஸ்பரஸை மண்ணு பிடிச்சு வச்சுக்கும், புல்லுக்குக் கொடுக்காது. களிமண்ணோ மழையில சேறு, வெயில்ல கல்லு.

19ஆம் நூற்றாண்டுல இங்க காம்பீர் தோட்டம் நிறைய போட்டாங்க. தோல் பதனிடுறதுக்கும் சாயத்துக்கும் ஆகிற செடி. காட்டை வெட்டி நட்டாங்க. பதினஞ்சு இருபது வருஷத்துல மண்ணு செத்துப் போச்சு. தோட்டக்காரங்க விட்டுட்டு வேற இடம் போயிட்டாங்க. அந்த இடத்தையெல்லாம் லாலான் பிடிச்சுக்கிச்சு. லாலான் வேற யாரும் இல்லை, தமிழ்நாட்டுல பல ஊர்ல தர்ப்பைன்னு எடுத்துப் பயன்படுத்துற அதே புல் இனம்தான். இலை ஓரம் கையைக் கிழிச்சிடும். மாடு முத்துன லாலானை வாயில வைக்காது. தீ வச்சாலும் அடியில இருக்கிற வேர்த்தண்டுல இருந்து திரும்ப முளைக்கும். அதுமேல நடக்கவும் முடியாது, உக்காரவும் முடியாது.

களிமண் சோறு போட்ட காலம்

புல்லுக்கு ஆகாத மண்ணு செங்கல்லுக்கு நல்லா ஆகும். 1819ல ராஃபிள்ஸ் இரண்டாவது தடவையா சிங்கப்பூர் வந்தப்ப பினாங்குல இருந்து அவரோட வந்தவர் நாராயண பிள்ளை. ஊரு புதுசு, வீடு கட்டணும், செங்கல் வேணும். அவர்தான் இங்க முதல் செங்கல் சூளையைத் தொடங்கினவர். அவர் முயற்சியிலதான் 1827ல சவுத் பிரிட்ஜ் ரோட்டுல மாரியம்மனுக்கு மரத்தாலயும் அத்தாப்பாலயும் கோயில் எழும்பிச்சு. நம்ம கோயில் வரலாறே இந்தக் களிமண்ணோட சேர்ந்துதான் ஆரம்பிக்குது.

1825ல இருந்து இந்தியாவுல தண்டனை பெற்ற கைதிகளை பிரிட்டிஷ்காரங்க இங்க கொண்டுவந்து வேலை வாங்கினாங்க. மெட்ராஸ்ல இருந்து வந்தவங்களும் அதுல நிறைய. சாலை, கால்வாய், பாலம், சதுப்பை நிரப்புறதுன்னு எல்லாம் அவங்க வேலை. 1858ல சிராங்கூன் சாலைப் பக்கம் அரசாங்கச் செங்கல் சூளை போட்டு அவங்களை வச்சு நடத்தினாங்க. அந்தச் செங்கல் 1867ல ஆக்ரா கண்காட்சிக்குப் போய்ப் பதக்கம் வாங்கிச்சு. கையில விலங்கோட வந்தவங்க செஞ்ச கல்லுக்குப் பதக்கம்!

செங்கல் எப்படி செய்வாங்க? ஈரக் களிமண்ணைக் காலால மிதிச்சு மிதிச்சு, உள்ள இருக்கிற காத்தையெல்லாம் வெளியேத்தி இறுக்குவாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க. வீட்டுப் புல்தரைக்கு வரும்போது இது உதவும்.

சுண்ணாம்புக் கம்பம்

செங்கல் இருந்தா போதுமா? பூசணும், ஒட்டணும். அதுக்குச் சுண்ணாம்பு. சிராங்கூன் சாலையில சுண்ணாம்புக் காளவாய் இருந்துச்சு. அதனாலதான் நம்மவங்க இந்த இடத்தைச் சுண்ணாம்புக் கம்பம்னு கூப்பிட்டாங்க. ஶ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் இப்ப இருக்கிற இடத்துல 1881ல அமைஞ்சது. இங்க உழைச்ச இந்தியத் தொழிலாளிங்க எழுப்பின கோயில். பழைய ஆளுங்க அதைச் சுண்ணாம்புக் கம்பம் கோயில்னுதான் சொல்வாங்க. பக்கத்துல கம்போங் கப்போர் ரோடு இருக்கே, மலாய்ல கப்போர்னாலும் சுண்ணாம்புதான்.

அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சுல முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறின தண்ணி எல்லாம் சேர்ப்பாங்க. மெட்ராஸ் சுண்ணம்னு பேர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துச் சுவரை இந்தியக் கைதிகள் அப்படித்தான் பூசினாங்க. புல்லைப் பத்திப் பேச வந்துட்டு சுண்ணாம்பு எதுக்குன்னு கேக்குறீங்களா? கொஞ்சம் பொறுங்க, 1970கள்ல அது திரும்ப வரும்.

மாட்டுக்கும் குதிரைக்கும் புல்லு

சதுப்பு நிலத்துல தண்ணியும் பசும்புல்லும் இருந்ததால சிராங்கூன் வட்டாரம் மாட்டு வியாபாரத்துக்குப் பேர் போச்சு. கண்டாங் கெர்பாவ்னா எருமைக் கொட்டில்னு அர்த்தம். பஃபலோ ரோடு, லெம்பு ரோடு எல்லாம் அந்த மாடுகளோட ஞாபகம். பெலிலியஸ் ரோடு ஒரு பெரிய மாட்டு வியாபாரியோட பேர். பால் கறந்தவங்க, மாடு மேய்ச்சவங்கன்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் இங்கேயே குடியேறினாங்க.

1843ல இப்போதைய ஃபேரர் பார்க் இடத்துல குதிரைப் பந்தயத் திடல் திறந்தாங்க. ரேஸ் கோர்ஸ் ரோடு பேர் அதனாலதான். 1933ல பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிப் போனதும் அது விளையாட்டுத் திடலாச்சு. 1942 பிப்ரவரி 17ஆம் தேதி சரணடைஞ்ச பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை அந்தப் புல்வெளியிலதான் ஜப்பான்காரங்க கிட்ட ஒப்படைச்சாங்க. இந்திய தேசிய ராணுவம் உருவான கதை அங்கதான் தொடங்குது. அடுத்த வருஷம் 1943 ஜூலை 5ஆம் தேதி நேதாஜி அந்தப் படையை அணிவகுத்துப் பார்த்தது பாடாங் திடல்ல. நம்ம பெரியவங்க பல பேர் அந்தப் புல்லுமேல நின்னவங்க.

பூமலை, பாடாங், இஸ்தானா

வீட்டு முன்னாடி புல்லை ஒட்ட வெட்டி வைக்கிற பழக்கம் இங்கிலாந்துல இருந்து வந்தது. அங்க சாரல் மழை, மிதமான குளிர், அந்த நாட்டுப் புல்லுக்கு அது ஒத்துப் போகும். அதே மாதிரி இங்கயும் வேணும்னு வெள்ளைக்காரங்க ஆசைப்பட்டாங்க. பாடாங் அவங்களோட திடல். 1852ல கிரிக்கெட் கிளப் அதோட ஓரத்துல வந்துச்சு. 1859ல தங்ளினில் பூமலையைத் தொடங்கினாங்க. அதுக்கு நிலம் கொடுத்தவர் ஹூ ஆ கே, வாம்போன்னு பேர் பெற்ற சீன வணிகர். அவரோட சொந்த வீடும் தோட்டமும் நம்ம சிராங்கூன் சாலையிலதான் இருந்துச்சு. சீனப் புத்தாண்டுக்கு எல்லா மக்களையும் உள்ள விட்டுக் காட்டுவாராம். வீட்டுத் தோட்டத்துக்குச் சிங்கப்பூர்ல முதல்ல பேர் வாங்கின இடங்கள்ல அதுவும் ஒண்ணு.

1867ல இருந்து 1869க்குள்ள கட்டின கவர்னர் மாளிகைதான் இன்னிக்கு இஸ்தானா. கட்டினது இந்தியக் கைதிகள். 1873ல கைதி முறை முடிஞ்சது. அதுக்கப்புறம் நகராண்மைக் கழகம், பொதுப்பணித் துறை, கடற்படைத் தளம், பூமலைன்னு எல்லா இடத்துலயும் கூலித் தமிழர்கள் வேலைக்கு வந்தாங்க. ரோடு கூட்டுறது, கால்வாய் வழிக்கிறது, புல்லு வெட்டுறது. வரலாற்றுப் புத்தகத்துல கண்காணிப்பாளர் பேர் இருக்கு, இயக்குநர் பேர் இருக்கு. வெயில்ல நின்னு வெட்டினவர் பேர் கிடையாது.

எங்க அப்பாவும் அந்த வேலை பார்த்தவர்தான். நின்ன வாக்குல வீசி வெட்டுற நீளக் கத்தி. விடியறதுக்கு முன்னாடி கல்லுல தீட்டுவார். பனி ஈரம் இருக்கிறப்ப வெட்டினா சுத்தமா விழும், வெயில் ஏறிட்டா புல்லு மடங்கும்னு சொல்வார். இது எந்தப் படிப்பும் சொல்லித் தராத விஷயம்.

சுண்ணாம்பு திரும்ப வந்த கதை

1963 ஜூன் 16ஆம் தேதி திரு லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸ்ல ஒரு மெம்பாட் மரம் நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். நம்ம ஃபேரர் பார்க் இல்லீங்க, ஹாலந்து ரோடு பக்கம் இருந்த ரவுண்டானா. 1967 மே மாசம் பூந்தோட்ட நகரம் திட்டத்தை அறிவிச்சார். மரம் வந்துச்சு. புல்லு மட்டும் அடம் பிடிச்சது. பள்ளிக்கூடத் திடல்லாம் மஞ்சளடிச்சு, கோல் கம்பத்துக்கு முன்னாடி வெறும் மண்ணாக் கிடக்கும். என் வயசுக்காரங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். விழுந்தா முட்டி உரிஞ்சிடும்.

2000ல வந்த அவரோட நினைவுக் குறிப்பு நூலின் இரண்டாம் பாகத்துல இதைப் பத்தி எழுதியிருக்கார். நியூசிலாந்து மாதிரி நாடுகள்ல பச்சைப் புல்லைப் பாத்துட்டு, இங்க ஏன் வரலைன்னு நிபுணர்கள் கிட்டக் கேட்டிருக்கார். விளக்கம் நான் மேல சொன்னதுதான்: பூமத்திய ரேகை மழை சத்தைக் கழுவுது, மண்ணு புளிச்சிருக்கு. மருந்தும் சொன்னாங்க. மழை சீக்கிரம் அடிச்சிட்டுப் போகாத மக்கு உரம், புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு. இஸ்தானா புல்தரையில முதல்ல போட்டுப் பாத்தாங்க. பச்சை பிடிச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் பள்ளித் திடல், விளையாட்டரங்கம் எல்லாத்துக்கும் அதே வைத்தியம்.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. இஸ்தானா சுவருக்குப் பூசவும் சுண்ணாம்பு, நூறு வருஷம் கழிச்சு இஸ்தானா புல்லுக்கும் சுண்ணாம்பு. ரெண்டுமே நம்ம ஆளுங்க கைக்குப் பழகினது. அந்த வருஷங்கள்ல அப்பா வேலை முடிஞ்சு வரும்போது காற்சட்டை மடிப்புல வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். அம்மா அதை வாசல்லயே உதறச் சொல்வாங்க.

தரை வீட்டு அன்பர்களுக்குக் கொஞ்சம் குறிப்பு

கோயிலுக்கு வர்ற தரை வீட்டுக்காரங்க சில பேர் "எங்க வீட்டுப் புல்லு நிக்கவே மாட்டேங்குது"ன்னு கேக்குறாங்க. சமூகத் தோட்டம் வச்சிருக்கிறவங்களும் கேக்குறாங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்:

1. மழை பெஞ்ச ஈரத்துல மிதிக்காதீங்க, கார் ஏத்தாதீங்க. செங்கல்லுக்கு மண்ணு மிதிச்ச கதை சொன்னேனே, வீட்டு வாசல்ல அதைத்தான் செய்றோம். மண்ணு இறுகினா வேருக்குக் காத்து போகாது.

2. மண்ணு லேசா ஈரமா இருக்கிற நாள்ல முள்கரண்டி மாதிரி இருக்கிற தோட்டக் கருவியால கையளவு இடைவெளி விட்டு 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்துங்க. அந்த ஓட்டையில மக்கு உரமும் கரடு மணலும் தூவித் தள்ளுங்க. கடல் மணல் வேண்டாம், உப்பு.

3. சுண்ணாம்பு போடுறதுக்கு முன்னாடி மண்ணைச் சோதிங்க. தோட்டக் கடையில சோதனைப் பெட்டி கிடைக்கும். அமில அளவு 5.5க்குக் கீழ இருந்தா தோட்டத்துக்குன்னு விக்கிற சுண்ணாம்புக்கல் பொடி அல்லது டோலமைட், சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி, ஏறக்குறைய 50 கிராம். வெத்தலைச் சுண்ணாம்பு போட்டா புல்லு வெந்து போகும். உரத்தையும் சுண்ணாம்பையும் ஒரே நாள்ல போடாதீங்க, ரெண்டு மூணு வாரம் இடைவெளி வேணும்.

4. ஒட்ட வெட்டாதீங்க. ரோட்டோரத்துல இருக்கிற அகல இலைப் புல்லுக்குக் கவ் கிராஸ்னு பேர். அமெரிக்க வெப்பநாடுகள்ல இருந்து வந்தது. புளிப்பு மண்ணையும் நிழலையும் தாங்கும். அதை ரெண்டு அங்குலத்துக்குக் குறையாம வச்சிருங்க. ஒரே தடவையில மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டக்கூடாது.

5. பிள்ளையாருக்குச் சாத்துற அருகம்புல்லை நீங்களே வளர்க்கலாம். வெளிநாட்டுல பெர்முடா கிராஸ்னு சொல்லிக் கோல்ஃப் மைதானத்துக்குப் போடுறது இந்த இனத்தைத்தான். நல்ல வெயில் வேணும், நிழல்ல மெலிஞ்சு போகும். அகலத் தொட்டியில வைங்க. தட்டுல தண்ணி தேங்க விடாதீங்க, கொசு வரும்.

இப்ப யார் வெட்டுறாங்க?

அப்பா காலத்து ஆளுங்க ஓய்வு பெத்துட்டாங்க. இன்னிக்குக் குத்தகை நிறுவனங்கள் வழியா வெளிநாட்டு ஊழியர்கள் வர்றாங்க. தமிழ்நாட்டுத் தம்பிங்களும் பங்களாதேஷ் தம்பிங்களும் அதுல நிறைய. முதுகுல மெஷினை மாட்டிக்கிட்டு, முகத்துல துணி கட்டிக்கிட்டு, நடுப்பகல்ல நிப்பாங்க.

2020 ஏப்ரல், மே ஞாபகம் இருக்கா? கொவிட் நேரம். கோயில் கதவு சாத்தியிருந்துச்சு. தம்பிங்க தங்குவிடுதியை விட்டு வெளிய வர முடியலை. புல்லு வெட்டுறது நின்னு போச்சு. சில வாரத்துல ரோட்டோரம் முழங்கால் உயரம் வளர்ந்து நின்னுச்சு. பட்டாம்பூச்சி வருதுன்னு சில பேர் சந்தோஷப்பட்டாங்க, கொசு வருதுன்னு சில பேர் புகார் பண்ணாங்க. இந்த ஊர்ப் பச்சைக்குப் பின்னால ஆள் இருக்கு, அந்த ஆள் வராட்டி ஒரே மாசத்துல தெரியும்னு அப்பதான் எல்லாருக்கும் புரிஞ்சது.

நான் தொழிற்சாலையில சூப்பர்வைசரா இருக்கேன். அங்கயும் இதே கதைதான். தரை சுத்தமா இருக்கிற வரைக்கும் துடைக்கிறவரை யாரும் கவனிக்க மாட்டாங்க.

இப்ப அந்த வேண்டுகோள். சில வாரத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அன்னதான வரிசையில நாலு தம்பிங்க வந்து நின்னாங்க. நேரா வேலையில இருந்து வந்திருக்காங்க. சட்டையெல்லாம் புல்லுத் தூள், காற்சட்டையில சேறு. பூட்ஸைக் கழட்டி வெளிய வச்சுட்டுத்தான் வந்தாங்க. வரிசையில நின்ன ஒருத்தர், "இப்படியா கோயிலுக்கு வர்றது, தள்ளிப் போய் நில்லுங்க"ன்னு சத்தமாச் சொல்லிட்டார். தம்பிங்க ஒண்ணும் பேசலை. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுட்டுச் சாப்பிடாம கிளம்பிட்டாங்க. நான் பரிமாறிட்டு இருந்த இடத்துல இருந்து வெளிய ஓடி வர்றதுக்குள்ள லாரி போயிடுச்சு.

கோயிலுக்குச் சுத்தமா வரணும்ங்கறது சரிதான், அதை நான் மறுக்கலை. ஆனா அந்தச் சட்டையில இருந்தது இந்த ஊர்ப் புல்லு. இதே மண்ணுல களிமண் மிதிச்ச காலோடவும் சுண்ணாம்பு வெந்த கையோடவும் வந்தவங்கதான் இந்தக் கோயில்களை எழுப்பினாங்க. அன்னிக்கு அவங்களை யாராவது தள்ளி நில்லுன்னு சொல்லியிருந்தா இன்னிக்கு நமக்குக் கும்பிட கோயில் ஏது?

அதனால தொண்டர்கள் சில பேர் பேசி ஒரு ஏற்பாடு செஞ்சிருக்கோம். நிர்வாகமும் சரின்னு சொல்லிட்டாங்க. வர்ற சனிக்கிழமையில இருந்து பின்வாசல்ல கை கால் கழுவத் தண்ணிக் குழாய், பூட்ஸ் வைக்க ஒரு தட்டு, உக்கார ஒரு பெஞ்சு, ரெண்டு டஜன் துண்டு இருக்கும். வேலையில இருந்து நேரா வர்றவங்க அங்க கழுவிட்டு, எல்லாரோடயும் ஒரே வரிசையில வந்து சாப்பிடலாம். சாயங்காலம் 6 மணியில இருந்து 9 மணி வரைக்கும் அங்க நிக்கிறதுக்குத் தினம் ரெண்டு பேர் தேவை. துண்டு துவைச்சுக் கொடுக்க ஒரு வீடு தேவை. முடிஞ்சவங்க கீழ பேர் போடுங்க.

உங்க புளோக்குக்குக் கீழ புல்லு வெட்டுற தம்பிங்களைப் பார்த்தா இந்தத் தகவலை அவங்க கிட்டச் சொல்லுங்க. வங்காளத் தம்பிங்களுக்கும் சொல்லுங்க, அன்னதானத்துக்கு ஊரு பேரு கிடையாது. வெயில் நேரமா இருந்தா ஒரு பாட்டில் தண்ணியும் கொடுங்க.

அடுத்த பதிவுல ரோச்சோர் கால்வாயைப் பத்தி எழுதுறேன்.  அம்மன் எல்லாரையும் காப்பாத்தட்டும்.